திகனவில் மட்டும் பெய்த மழை

எங்கள் வீட்டில் மழை என்றால் மழை இல்லை, வெயில் என்றால் வெயிலும் இல்லை. இதைச் சொல்லாமல் நான் ஓடிய கதையைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் முதலில் இதை முடித்துவிடுகிறேன்.

பதினொரு வயதில் எனக்குச் சீனி வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. நாளுக்கு நாலு ஊசி, விரலில் குத்தி மீட்டரில் பார்ப்பது, சோற்றைத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து போடுவது என்று வீடே மாறிவிட்டது. சீனி கூடினால் தாகமும் தலைவலியும் வரும். குறைந்தால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அப்போது உடனே குளுக்கோஸை வாயில் போடாவிட்டால் விழுந்துவிடுவேன். சீனி குறையும்போது கோபமும் வரும். எனக்குச் சும்மாவே கோபம் வரும் என்பதால் அம்மா பாடு திண்டாட்டம். நான் கதவைப் படாரென்று சாத்தினால் திட்டுவதா, மீட்டரை எடுப்பதா என்று தெரியாமல் நிற்பாள்.

ஆனால் அம்மாவின் பெரிய பயம் ஊசியைப் பற்றியது இல்லை, ஊர் வாயைப் பற்றியது. "பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒரு எடத்துல பேசப் போனா, அதுக்கு சீனி இருக்காம்னு சொல்லிக் கலைச்சு விட்டுருவாங்க," என்றாள். பதினொரு வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய ஒரே ஆள் அம்மாதான். அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லுக்குத் தடை. கடையில் போய்ச் சீனி வாங்கும்போதுகூட, "ஒரு கிலோ... அது," என்று விரலால் மூட்டையைக் காட்டுவாள். கடைக்காரர் என்ன நினைத்திருப்பாரோ, எனக்குத் தெரியாது.

அப்பா கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து விரலில் குத்திப் பார்த்ததும், எங்கள் ஊரான திகனவிலிருந்து அம்மா போன் எடுத்து அவருக்கு அளவைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மனிதருக்கு வேலை ஓடாது. ஆனால் அவருடைய மேசையைச் சுற்றி நாலு மேசை. அவருடைய போனில் யார் பேசினாலும் நாலு பேருக்கும் கேட்கும். ஆகவே அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். சீனி கூடினால் வெயில், குறைந்தால் மழை, சரியாக இருந்தால் மப்பு, அதாவது வெறும் மேகமூட்டம்.

"இன்னிக்கு மழங்க," என்பாள் அம்மா. "நல்ல மழையா, தூத்தலா?" என்று கேட்பார் அப்பா. ஒருநாள் பக்கத்து மேசைக்காரர் தாங்க முடியாமல் கேட்டேவிட்டாராம், "என்ன சார், இங்க மண்டைய பொளக்குற வெயிலு. ஒங்க திகனவுல மட்டும் தெனமும் மழ பெய்யுதா?" என்று. அது பள்ளத்தில் இருக்கிற ஊர், அங்கே அப்படித்தான் என்று அப்பா சமாளித்திருக்கிறார். இந்தக் கூத்து மூன்று வருஷம் நடந்தது. எனக்கும் அது ஊறிவிட்டது. கை நடுங்கத் தொடங்கினால் என் மனதில் முதலில் வருகிற சொல்லே மழைதான்.

ஒன்பதாம் தரத்தில் படிக்கும்போது, பள்ளிக்கூட அணிகளான இல்லங்களுக்கிடையே நடக்கும் விளையாட்டுப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு எங்கள் இல்லத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். ஓடினேன். முதலாவதாக வந்தேன்! எனக்கே நம்ப முடியவில்லை. வந்த சந்தோஷத்தைவிட, ஓடும்போது இருந்த சந்தோஷம் பெரிது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, எல்லோருக்கும் வியர்த்தது, எல்லோருக்கும் கால் வலித்தது. என் உடம்பு செய்துகொண்டிருந்ததையே மற்றவர்களின் உடம்பும் செய்தது மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வலய மட்டப் போட்டிக்கு என் பெயர் போகிறது என்று விளையாட்டு மிஸ் சொன்னதும், அன்றைக்கு வீட்டுக்கும் ஓடியே போனேன்.

பயிற்சி தினமும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடக்கும். என் உயிர்த் தோழியும் வருவாள், அவள் அஞ்சலோட்டத்தில். அவளுடைய வாப்பாவுக்குத் திகன சந்தியில் பலசரக்குக் கடை, அம்மா 'அது' வாங்குகிற அதே கடை. ஒரே பெஞ்சில் மூன்று வருஷம் உட்கார்ந்தும் அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று நல்ல வெயில், நிஜ வெயில். மூன்றாவது சுற்றில் என் கால் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. உள்ளங்கை ஈரமாகி, கண் முன்னால் புள்ளி புள்ளியாகப் பறந்தது. தோழி ஓடி வந்து என்னைப் பிடித்தாள். சீனி குறைந்துவிட்டது, பையில் குளுக்கோஸ் இருக்கிறது, எடு என்று சொல்ல நினைத்தேன். நாக்கு தடித்துப் போயிருந்தது. வாயிலிருந்து வந்தது இதுதான்: "மழ... மழ வருது."

அவள் என்னை விட்டுவிட்டு ஓடினாள். ஏன் என்று கேளுங்கள். உயரம் பாய்தலுக்கு அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது மெத்தை வந்திருந்தது. அது நனைந்தால் மிஸ் எங்களைத் தொலைத்துவிடுவார். "மழ வருதாம்! மெத்தைய தூக்குங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பதினைந்து பிள்ளைகள் நாலு பக்கமும் பிடித்து அந்தப் பெரிய மெத்தையை இழுத்துக்கொண்டு கட்டடத்தை நோக்கி ஓடினார்கள். வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. நான் நடு மைதானத்தில் தனியாக உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் ஒன்றைச் செய்யவும் உடம்பில் தெம்பில்லை.

"எங்க மழை? யாரு சொன்னது?" என்று மிஸ் அதட்ட, எல்லோரும் என்னைக் காட்டத் திரும்பியபோது நான் புல்லில் சரிந்து கிடந்தேன். தண்ணீர் எடுக்க என் பையைத் திறந்த தோழி மீட்டரையும் ஊசியையும் குளுக்கோஸ் பாக்கெட்டையும் கண்டாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "வாயத் தொற. தொறடி!" என்று கன்னத்தில் தட்டித் தட்டிக் குளுக்கோஸை வாயில் கொட்டினாள். பத்து நிமிஷத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள், அழுதுகொண்டே என் கையைக் கிள்ளினாள்.

"என்ட வாப்பாக்கும் சீனி இரிக்கி. எனக்கிட்ட செல்லி இருந்தா நான் என்ன ஒன்ன திண்டுருவனா? மழைண்டு செல்றியே, நான் என்னத்தடி கண்டேன்!"

மிஸ் என் பெயரை வெட்டிவிட்டார். கோபத்தில் இல்லை. "எனக்குப் பயமா இருக்கு. கிளினிக் டாக்டர்கிட்ட கடிதம் வாங்கி, அதுல அம்மாவோ அப்பாவோ கையெழுத்து வச்சுக் கொண்டு வா. வெள்ளிக்கிழமை பட்டியல் அனுப்பணும். அதுக்குள்ள வந்தா போடுறேன். இல்லன்னா இந்த வருஷம் இல்ல," என்றார்.

வீட்டில் சொன்னேன். "கடுதாசி குடுத்தா அது ஃபைல்ல இருக்கும். ஃபைல்ல இருந்தா ஊருக்கே தெரியும். ஓட்டமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்," என்றாள் அம்மா. நான் அறைக்குள் போய் வீடு அதிரக் கதவைச் சாத்தினேன். ஒரு நிமிஷம் கழித்து அம்மா மீட்டருடன் வந்து என் விரலைப் பிடித்துக் குத்தினாள். நூற்றுப் பதினெட்டு.

"மப்பு," என்றாள். "அப்ப இது நெசமான கோவந்தான்."

செவ்வாய்க்கிழமை கண்டியில் கிளினிக். நாங்கள் எப்போதும் பெஞ்சின் கடைசி மூலையில்தான் உட்காருவோம். கிளினிக் கொப்பிக்குக்கூட அம்மா பத்திரிகைத் தாளில் உறை போட்டிருந்தாள், தெரிந்தவர்கள் கண்டால் பள்ளிக்கூடக் கொப்பி என்று நினைக்கட்டும் என்று. அன்று பெஞ்சில் ஒரு புது வரவு. ஏழு வயது இருக்கும், இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் இல்லை. பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அம்மாவுடன் வந்திருந்தாள். அவள் பெஞ்சில் உட்காரவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், பரீட்சையில் எடுத்த புள்ளியைச் சொல்கிற மாதிரி, "நான் நூத்தி நாப்பத்தி ரெண்டு! நீங்க எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

எங்களிடமும் வந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"தெரியாதா? குத்திப் பாக்கலியா? பயமா? நான் குத்தி விடவா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நூத்தி எழுவது!" என்றேன், பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி. மூன்று வருஷத்தில் வீட்டுக்கு வெளியே என் அளவை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் நடக்கவில்லை. கூரை இடியவில்லை. அந்தக் குட்டி மட்டும் என் முழங்காலைத் தட்டி, "பரவால்ல, அடுத்த தடவ நல்லா எடுங்க," என்று ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும், அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள், "இப்பிடி எல்லார்கிட்டயும் சொல்லுதே, பின்னாடி கஷ்டம் வராதாங்க?"

அந்த அம்மாவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பிறகு சொன்னாள், "சொல்லலேன்னாத்தாங்க கஷ்டம். நான் காலையில கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருவேன். புள்ள எங்க விழுந்தாலும் யாராச்சும் தூக்கணும்ல? லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸு கண்டக்டருக்குத் தெரியும். கோயில் பூசாரிக்குந் தெரியும், இவளுக்கு மட்டும் சக்கரைப் பொங்கல கிள்ளித்தான் குடுப்பாரு. அவருகிட்ட தெனமும் சண்ட போடுறா."

அதற்குப் பிறகு அம்மா பத்திரிகைத் தாள் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே டாக்டர் பார்த்து முடித்து, நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில், நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்: "டாக்டர், இவ ரேஸ் ஓடணுமாம். ஸ்கூலுக்கு ஒரு கடுதாசி வேணும்." எனக்கு அங்கேயே அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

டாக்டர் எழுதித் தந்தார். ஓடுவதற்கு முன் அளவு பார்க்க வேண்டும். நூறுக்கு மேல் இருந்தால் ஓடலாம். குறைவாக இருந்தால் குளுக்கோஸ் எடுத்து, பதினைந்து நிமிஷம் காத்திருந்து, மறுபடியும் பார்க்க வேண்டும். அம்மா கையெழுத்து வைத்தாள். ஆனால் கடிதத்தை மிஸ்ஸின் கையில் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டாள். மிஸ்ஸையும் தோழியையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியக் கூடாது. "சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றார் மிஸ். அந்தச் சத்தியத்தால்தான் நான் கடைசியில் ஓடாமலே வீடு திரும்ப இருந்தேன்.

போட்டி தெல்தெனியப் பக்கத்து மைதானத்தில். ஒரு பக்கம் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பளபளத்தது, மறு பக்கம் கொடிகள், பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி அறிவிப்பு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! காலையில் வழக்கம்போல் ஊசி போட்டேன். ஆனால் சந்தோஷத்தில் இடியாப்பம் தொண்டைக்குள் இறங்கவில்லை. பாதியை அம்மாவுக்குத் தெரியாமல் தோட்டத்தில் கோழிக்குப் போட்டேன். ஊசிக்கு இதெல்லாம் தெரியுமா? அது தன் வேலையைப் பார்த்தது. எங்கள் ஓட்டத்துக்குக் கூப்பிட ஐந்து நிமிஷம் இருக்கும்போது தோழி என் விரலில் குத்தினாள். அறுபத்தெட்டு.

"அல்லாஹ்வே," என்றாள். பாக்கெட்டைக் கிழித்து என் வாயில் கொட்டினாள். பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், எங்களிடம் இருந்ததோ ஐந்து. மிஸ் அதிகாரிகளின் மேசைக்கு ஓடினார். ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் ஒரு சிங்கள ஆசிரியர், வெள்ளைத் தொப்பியும் விசிலுமாக நின்றார். மிஸ் அவரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டார். ஏன் என்று கேட்டார் அவர். மிஸ்ஸுக்குச் சத்தியம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டார். மேசை மைக்கில் அது பார்வையாளர் பக்கம் வரை கேட்டது. வயிற்று வலி என்றால் பிள்ளை ஓட வேண்டாமே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவர் தாளில் என் எண்ணுக்கு நேரே பேனாவைக் கொண்டு போனார்.

நான் புல்லில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் பெண்கள் கோட்டில் போய் நின்றார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாகக் குத்திய ஊசியெல்லாம் வலிக்கவில்லை, அந்தப் பேனா வலித்தது.

அப்போதுதான் அம்மாவைக் கண்டேன். பார்வையாளர் பக்கத்துக் கயிற்றுக்கு அடியில் குனிந்து, கையில் குடையுடன், மைதானத்துக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தாள். ஒருத்தர் தடுத்தார், குடையால் அவரை ஒதுக்கினாள். அதிகாரிகளின் மேசையில் மைக் இருந்தது. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

"சேர்! வயித்து வலி இல்ல! சீனி! துவட்ட சீனி! சீனி அடு வெலா!" என்று சந்தையில் பழகிய சிங்களத்தில் கத்தினாள். அது போதாதென்று, சுற்றி நின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கும் டீச்சர்மாருக்கும் குறை வைக்காமல், "என் மகளுக்குச் சீனி இருக்கு! இப்ப கொறஞ்சிருச்சு! பதினஞ்சு நிமிஷம் குடுங்க, ஏறிரும்! அவ ஓடுவா!" என்று தமிழிலும் சொல்லி முடித்தாள். இரண்டு மொழிக்கும் பொதுவான அந்த ஒரு சொல், கடையில்கூட வாய்விட்டுக் கேட்காத சொல், மைதானம் முழுக்கக் கேட்டது. இனி மறைப்பதற்கு ஆள் மிச்சமில்லை.

விசில்காரர் பேனாவை எடுத்துவிட்டார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மட்டத் தியனவா," என்றார். எனக்கும் இருக்கிறது என்று அர்த்தம். சட்டைப் பையிலிருந்து ஒரு டொபி மிட்டாயை எடுத்து அம்மாவிடம் காட்டி, அவசரத்துக்கு எப்போதும் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு தாளைத் திருப்பி, ஆண் பிள்ளைகளின் ஓட்டத்தை முதலில் கூப்பிட்டார். அவ்வளவுதான், வேலை முடிந்தது! கோட்டில் நின்ற பெண்கள் முனகிக்கொண்டே திரும்பி வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி என்னிடம் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை.

பதினைந்து நிமிஷம் கழித்துத் தோழி மறுபடியும் குத்தினாள். நூற்றுப் பன்னிரண்டு! அவள் போட்ட கூச்சலில் கோட்டில் நின்றவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

ஓடினேன். என்ன ஓட்டம் அது! முதல் சுற்றில் கடைசி ஆள், இரண்டாவது சுற்றில் நடுவில். மூன்றாவதில் மூச்சு இரைக்க, நெஞ்சு எரிய, எனக்கு முன்னால் நாலு முதுகுகள். மைதானத்தின் ஓரத்தில் தோழி என்கூடவே ஓடிவந்து கத்தினாள்: "ஓடுடி! மழ வருது! மழ வருது, ஓடு!" பக்கத்தில் நின்றவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு ஓடிக்கொண்டே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு முதுகுகளைத் தாண்டினேன். மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டி நேராகப் போய் விழுந்தது அம்மாவின் மேல்.

அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கும் முன் விரலைப் பிடித்துக் குத்தினாள். நூற்று இருபத்தாறு. அதைப் பார்த்த பிறகுதான் கட்டிப்பிடித்தாள். எனக்கு மூச்சு முட்டும் வரை விடவில்லை.

அதே நேரம் அவளுடைய போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து அப்பா. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றிலும் மிஸ், தோழி, தண்ணீர் கொடுத்த பெண், டொபியைச் சப்பிக்கொண்டு விசில்காரர்.

"என்னாச்சு?" என்றார் அப்பா, வழக்கம்போல் குரலைத் தாழ்த்தி. "அங்க மழையா, வெயிலா?"

"மழையும் இல்ல, வெயிலும் இல்லங்க. புள்ள மூணாவதா வந்துட்டா. சீனி நூத்தி இருவத்தாறு. சத்தமாத்தான் சொல்றேன், கேக்குதா? சீனி நூத்தி இருவத்தாறு!"

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றிருக்க வேண்டும். பிறகு அவர், நாலு மேசைக்கும் கேட்கும்படி, அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னார்.